மூன்று சொட்டு மெஷின் எண்ணெய்

எனக்குச் செய்தது பெரிய ஆபரேஷன் அல்ல. குடலிறக்கம்தான். எட்டு நாள் படுத்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் வலியைப் பற்றிச் சொல்லி, ஊசியைப் பற்றிச் சொல்லி, அதோடு நிறுத்திக்கொண்டேன். சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதே தப்பைச் செய்யக்கூடிய ஆட்கள் கோயமுத்தூரில் தெருவுக்குப் பத்துப் பேராவது இருப்போம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கணபதிப் பகுதியில் எனக்குச் சின்னப் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பம்புசெட்டுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் வேலை. ஒரு நாள் எவர்சில்வர் கம்பிகளை இறக்கும்போது இடது பக்க அடிவயிற்றில் ஏதோ நழுவியது போலிருந்தது. அப்புறம் அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். நின்றால் வரும், படுத்தால் போகும். போய்விடுகிறதே, அப்புறம் என்ன என்று நானும் ஆறு மாதம் விட்டுவிட்டேன். இருமல் வந்தால் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். இதை என் மனைவி ராஜாமணி கவனித்துவிட்டாள். ஒரு கல்யாணப் பந்தியில் நான் தும்மியபோது கை எங்கே போகிறது என்று பார்த்தவள், வீட்டுக்கு வந்ததும் விசாரணையை ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

உக்கடம் பக்கம் ஒரு குறுக்குச் சந்தில் பன்னிரண்டு படுக்கை கொண்ட நர்சிங் ஹோம். டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். என்னை இருமச் சொல்லி விரலை வைத்துப் பார்த்தார்.

"பட்டறை வெச்சிருக்கீங்க, உங்களுக்குச் சொன்னாப் புரியும். டயர்ல ஒரு எடம் தேஞ்சுபோனா உள்ள இருக்கற டியூப் பொடைச்சுட்டு வருமல்லங்க? வயித்துச் செவுத்துல அந்த மாதிரி ஒரு எடம் தேஞ்சிருக்குது. குடல் அது வழியா எறங்குது. இப்பப் போய்ப் போய் வருது. ஒரு நாள் மாட்டிக்கிச்சுன்னா ரத்த ஓட்டம் நின்னு அழுகிப்போகும்."

"பேட்ச் போடோணுமுங்களா?"

"இழுத்துத் தைச்சாப் போதுமுங்க."

பேச்சு பட்டறைப் பேச்சாக இருந்ததால் தைரியமாகத்தான் இருந்தேன். சோதனைகளுக்கு உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. ரத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி., சிறுநீர். சிறுநீர் பாட்டிலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரும் மறைத்துக்கொண்டுதான் நின்றார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். ஆபரேஷனுக்குச் செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். செவ்வாய் ஆகாது என்று ராஜாமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். டாக்டருக்கு அன்றுதான் ஒழிந்தது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். நான் முழு நினைவோடு இருந்தேன். நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணி கட்டியிருந்ததால் எதுவும் தெரியவில்லை. காது மட்டும் வேலை செய்தது. கருவிகள் தட்டில் விழும் சத்தத்தை வைத்தே நல்ல எஃகு, மட்ட எஃகு என்று பிரித்துக்கொண்டிருந்தேன். பயத்துக்கு அது ஒரு மருந்து. நடுவில் டாக்டர் எரிச்சலோடு சொன்னது கேட்டது.

"இந்த ஆர்ட்டரி தெறக்கவே மாட்டேங்குது. வேற குடுங்க."

அந்தக் கருவி தட்டில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. என் வயிறு திறந்து கிடக்கிறது என்பதை மறந்துவிட்டு, இறுகிப்போன கீலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றியது. என் புத்தி அப்படி.

இரண்டாம் நாளே என்னை நடக்கச் சொன்னார்கள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. அந்த முனையில் கருவிகள் கழுவும் அறை இருந்தது. அங்கேதான் ஜமீலாம்மாவைப் பார்த்தேன். என் வயதுதான் இருக்கும். உக்கடத்திலேயே வீடு. பதினாலு வருடமாக அந்த நர்சிங் ஹோமில் கருவிகளைக் கழுவி, அடுக்கி, நீராவியில் வேக வைப்பது அவர் பொறுப்பு. வேக வைப்பது என்பது அவருடைய சொல்தான். ஆளுயரப் பிரஷர் குக்கர் மாதிரி ஒரு எந்திரம் அதற்கு இருந்தது. கருவிகளை டிரம் என்கிற வட்ட டப்பாவில் அடுக்கி அதற்குள் இறக்குவார்.

எனக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை. கதவோரம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். ஆபரேஷன் முடிந்ததும் ரத்தம் காய்வதற்குள் எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில் போடுவார். முதலிலேயே சுடுதண்ணீர் கூடாது, ரத்தம் வெந்து ஒட்டிக்கொள்ளும் என்றார். பிறகு சோப்புத் தண்ணீர், பல் தேய்க்கும் பிரஷ். கம்பி நார் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. அங்கே இரண்டு குழாய்கள். ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் சிறுவாணி ஆற்றுக் குடிதண்ணீர். சிறுவாணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதைக் குடத்தில் பிடித்து மூடி வைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் எடுப்பார்.

"போர் தண்ணி உப்புங்ணா. அதுலயே உட்டா வெள்ளை வெள்ளையாப் புள்ளி உளுந்துரும். அப்பறம் அந்தப் புள்ளிக்கு அடியில குழி உளுகும்."

உப்புத் தண்ணீரில் ஓடிய பம்பு ஷாஃப்டுகளில் அந்தக் குழிகளை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது பாத்திரக்கடையில் சொல்லும் பேச்சு. அவருக்கும் எனக்கும் அந்த ஒரு விஷயத்தில் உடனே ஒத்துப்போனது.

ஆர்ட்டரி என்பது பார்க்கக் கத்திரிக்கோல் போலத்தான் இருக்கும். வெட்டாது, கவ்வும். அறுபட்ட ரத்தக்குழாயை ரத்தம் வராமல் பிடித்துக்கொள்ள. விரல் விடும் இடத்துக்குப் பக்கத்தில் பல்லுப் பல்லாக ஒரு பூட்டு. ஜமீலாம்மா ஒவ்வொன்றின் பூட்டையும் எடுத்துவிட்டு, வாயை விரித்து, வெள்ளைத் துணியில் வரிசையாகக் காய வைப்பார். டிரம்முக்குள் அடுக்கும்போதும் அப்படியேதான்.

"வாய் தெறந்துதான் வேகோணுமுங்ணா. மூடிட்டு வெந்தா உள்ள வேகாது. ஆவி போக வழி வேணுமல்ல?"

மூன்று ஆர்ட்டரிகள் மட்டும் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தன. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது தட்டில் விழுந்தவை. அவற்றைத் தனியாகச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். போன மாதம் மகளின் பிரசவத்துக்காக லீவில் போயிருந்தாராம். வந்து பார்த்ததிலிருந்து இந்த மூன்றும் இப்படித்தான் இருக்கின்றன என்றார்.

இனி என் பெருமைக்கு வருகிறேன். வார்டு பாத்ரூம் கதவு பூனை கத்துவது போலக் கத்தும். வியாழக்கிழமை ராஜாமணியிடம் வீட்டிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் கொண்டுவரச் சொல்லி, அந்தக் கீல்களுக்கு விட்டேன். கதவு வாயை மூடிக்கொண்டது. வார்டே என்னைப் பாராட்டியது. பக்கத்து அறைக்காரர் பழனிசாமி இரண்டு மாதுளம்பழத்தைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்பவர். அவர் மனைவிக்குச் சனிக்கிழமை காலையில் கர்ப்பப்பையை எடுப்பதாக இருந்தது. அந்த அம்மணிக்குச் சத்தமென்றால் ஆகாது. "மெசின்கார அண்ணன் இல்லீன்னா இன்னிக்கும் தூக்கம் போயிருக்குமுங்க" என்று அந்த அம்மணி அறைக்குள்ளிருந்தே சொன்னார்.

பாராட்டு தலைக்கு ஏறினால் கை சும்மா இருக்காது. வெள்ளிக்கிழமை மதியம் ஜமீலாம்மா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். கழுவி முடித்த கருவிகள் துணியில் காய்ந்துகொண்டிருந்தன. அந்த மூன்றும் வரிசையில் கடைசியாக. எண்ணெய்க் குப்பி என் சட்டைப் பையில் இருந்தது. கீலுக்கு ஒரு சொட்டு, மூன்று கீலுக்கு மூன்று சொட்டு. நாலு தடவை திறந்து மூடினேன். வெண்ணெய் மாதிரி ஓட ஆரம்பித்தன. கீலிலிருந்து பழுப்பாக அழுக்கு கசிந்தது. துரு என்று நினைத்துப் பஞ்சால் துடைத்தேன். கை பழகிவிட்டதால் அதே பஞ்சால் மற்ற ஆர்ட்டரிகளையும் ஒரு துடை துடைத்துப் பளபளப்பாக்கினேன். வரிசை மாறாமல், வாய் திறந்தபடியே வைத்துவிட்டு வந்து படுத்தேன். அவர் வந்து பார்த்து ஆச்சரியப்படட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஊசி போட்டார்கள். தூங்கிவிட்டேன்.

எழுந்தபோது சாயங்காலம். எந்திரம் வேலையை முடித்து அடங்கியிருந்தது. அன்று பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மாட்டி ஜமீலாம்மா தாமதமாக வந்து, அவசரமாக அடுக்கி வேக வைத்துவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் அவர் விரலுக்கு எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்திருக்கும். வீட்டுக்குக் கிளம்பியவரைப் பழனிசாமி என் கட்டிலருகே நிறுத்தினார். பழனிசாமி எனக்குக் கொண்டுவந்த பால் டம்ளர் அப்போது என் கையில் இருந்தது.

"ஏனுங்க அம்மணி, நாளைக்கு எங்கூட்டுக்காரிக்கு வெக்கற சாமானெல்லாம் சுத்தமா இருக்குமுங்களா? போன வருசம் எங்க ஒறம்பரைல ஒருத்திக்குச் சீழ் புடிச்சு மூணு மாசம் படாத பாடு பட்டுப்போட்டா. அதான் பயம்."

"பயப்படாதீங்க. என் கையால வேக வெச்சிருக்கறேன். ஆவி பட்ட எடத்துல ஒரு பூச்சி உசுரோட இருக்காது. படாத எடம்தான் ஆபத்து. அதுக்குத்தான் வாயத் தெறந்து வெக்கறது. எண்ணெய்ப் பிசுக்கு ஒண்ணுதான் எனக்குப் பயம். எண்ணெய் பட்ட எடத்துல ஆவி ஒட்டாதுங்க. எண்ணெய்த் தலையில தண்ணி ஊத்துனா வழுக்கிட்டுத்தானுங்களே போகுது?" சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த மூணும் இன்னிக்குத் தானா லேசாயிருச்சுங்ணா. ஊறப்போட்டது வீண் போகலை."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் தலையை ஆட்டினேன். பால் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று சொட்டுத்தானே, துடைத்தும் விட்டேனே என்று எனக்குள் வழக்காடிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் வெட்கம். கதவை அடக்கிய மெசின்கார அண்ணன் அந்தப் பேரை இழக்க விரும்பவில்லை.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வாயுத்தொல்லை என்று ராஜாமணியிடம் சொன்னேன். விடியற்காலையில் பக்கத்து அறையில் அந்த அம்மணியைக் குளிக்கச் சொல்லி எழுப்பும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருந்த ராஜாமணியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். எழுந்து கூந்தலை முடிந்தாள். எனக்குக் குனிய முடியாது. என் செருப்பை எடுத்து இரண்டு காலிலும் அவளே மாட்டிவிட்டாள்.

"நடங்க" என்றாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் டாக்டர் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார். ஜமீலாம்மா டிரம்மோடு நின்றார். நான் எண்ணெய்க் குப்பியை நீட்டினேன். டாக்டருக்கு முதலில் புரியவில்லை. ஜமீலாம்மாவைப் பார்த்து, "நீங்க எண்ணெய் போட்டீங்களா?" என்று கேட்டார். பதினாலு வருடம் வேலை செய்தவரைப் பார்த்து அந்தக் கேள்வி வந்தது என்னால்தான்.

"அவங்க இல்லீங்க. நான்தானுங்க. நேத்து மத்தியானம்."

"எதெதுக்குப் போட்டீங்க?"

"மூணுக்குங்க. ஆனா அதே பஞ்சுல எல்லாத்தையும் தொடச்சுப்போட்டேன்."

டாக்டர் சத்தம் போடவில்லை. "டிரம்மப் பிரிங்க" என்று ஜமீலாம்மாவிடம் சொன்னார். பிறகு என்னிடம், "ஆபரேஷன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போச்சு. காரணத்தைப் பக்கத்து ரூம்ல நீங்களே போய்ச் சொல்லிடுங்க" என்றார்.

பழனிசாமியிடம் சொன்னேன். அதற்கு எனக்கு நடந்த ஆபரேஷனே பரவாயில்லை.

"நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா, காலைல அவ ஒரு வாய் காப்பியாச்சும் குடிச்சிருப்பாளுங்க" என்றார். அவ்வளவுதான். அப்புறம் என் அறைப் பக்கம் வரவில்லை.

கழுவும் அறையில் ஜமீலாம்மா எல்லாவற்றையும் சோடா கலந்த சுடுதண்ணீரில் போட்டுப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்றேன். ஸ்டூலில் உட்காரத் தைரியமில்லை. அவர் குப்பையில் கிடந்த என் பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னன்னு நெனச்சீங்க?"

"துருவுங்க."

"துரு இல்லீங்ணா. ரத்தம். காஞ்சுபோன ரத்தம்."

அவர் லீவில் இருந்தபோது கழுவ வந்தவர் ஆர்ட்டரிகளைப் பூட்டிய வாக்கிலேயே கழுவி, பூட்டிய வாக்கிலேயே வேக வைத்திருக்கிறார். கீலுக்குள் யாருடைய ரத்தமோ தங்கி வெந்து இறுகியிருக்கிறது. அந்த மூன்றும்தான் செவ்வாய்க்கிழமை என் வயிற்றுக்குள் போய் வந்தவை. இருபது வருடம் துருவைப் பார்த்தவனுக்கு ரத்தம் தெரியவில்லை. ஜமீலாம்மா பஞ்சைக் கீழே வைத்தார். "நானும் வெளக்கு வெளிச்சத்துல பாத்திருக்கோணும். வெறும் இறுக்கம்னு உட்டுப்போட்டேன்" என்றார்.

டாக்டர் அதையும் என்னிடம் மறைக்கவில்லை. வந்து கட்டிலில் உட்கார்ந்தே சொன்னார். சூட்டில் கிருமி செத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஆனால் சத்தியம் செய்ய முடியாது. மாத்திரையை மாற்றித் தருகிறேன், காயம் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே சொல்லுங்கள் என்றார். அந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டதாகவும் சொன்னார். அதன்பின் நாலு மணி நேரத்துக்கொரு தரம் நர்ஸ் தெர்மாமீட்டரை எடுத்து வரும்போதெல்லாம் எவ்வளவு என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். பழனிசாமியின் மனைவிக்கு நான் செய்ய இருந்தது எனக்கு ஏற்கெனவே நடந்திருந்தது. வேறு யாரையும் கோபிக்க எனக்கு உரிமையில்லை. கோபம் வந்தது, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த அம்மணிக்கு மத்தியானம் ஆபரேஷன் நடந்தது. அன்றும் மறுநாளும் சுவருக்கு அப்பால் முனகல் கேட்டது. ஒவ்வொரு முனகலையும் நான் எண்ணெயோடு முடிச்சுப் போட்டேன். அது வழக்கமான வலிதான் என்று ராஜாமணி திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்று வேளையும் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். அந்த விஷயத்தைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்படி இருந்ததை நான் இன்றும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்குத் தையல் பிரித்தார்கள். ஒரே ஒரு தையலில் மட்டும் கொஞ்சம் நீர் கோத்திருந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்தார். சீழ் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"நாளைக்குப் போறனுங்களே."

"ஏன், செவ்வாக்கெழமை ஆகாதுங்களா?"

ஆமாம் என்றேன். ராஜாமணியும் ஆமாம் என்றாள். புதன்கிழமை பக்கத்து அறையில் முதல் தடவையாகக் கட்டைப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

புதன் காலையில் பையைக் கட்டி வைத்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். ஆட்டோ வாசலில் நின்றது. டாக்டர் உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். நான் பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ போகிறார்கள், வருகிறார்கள், அது சத்தமில்லாமல் திறந்து மூடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்து பழனிசாமி வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன். சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அப்போதுதான்.

"காஞ்சிருக்குதுங்களாம்" என்றார். "சொட்டு நீர் இல்லையாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது தாண்டிய ஆள், வராந்தாவில் எல்லோரும் பார்க்க அழுதேன். அவர் என் தோளைத் தட்டவில்லை. ஆனால் உள்ளே திரும்பிப் போகாமல், நான் முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஜமீலாம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"போதுமுங்ணா. சொல்லாம இருந்திருந்தீங்கன்னா அந்த மூணும் இன்னும் டிரம்முக்குள்ளதான் இருந்திருக்கும்" என்றவர், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை ராஜாமணி கையில் கொடுத்தார். "உங்க சாமான். மறந்துபோட்டுப் போயிருவீங்க."

ஆட்டோவில் பிரித்துப் பார்த்தேன். என் எண்ணெய்க் குப்பி. உள்ளே ஒரு துளி எண்ணெய் இல்லை. பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசி, காய வைத்திருந்தார். உப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை, சிறுவாணியில்தான் அலசியிருக்க வேண்டும். மூடியைக் கழற்றித் தனியாகக் காயத்துக்குக் கட்டும் ஒரு காஜ் துணியில் முடிந்திருந்தார். குப்பியின் வாய் திறந்திருந்தது.